கற்பூரக் கரியும் நெயில் பாலிஷும்

பழைய ரிவால்வர்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழல், சிலிண்டர், பிடி என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள். குறிபார்க்கும் பாகத்துக்கு வரும்போது மட்டும் ஏனோதானோ என்று விட்டிருப்பார்கள். 1873-இல் அமெரிக்காவில் கோல்ட் கம்பெனி கொண்டுவந்த சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் பின் குறி என்று தனியாக ஒன்றும் கிடையாது. மேல்பட்டையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் கீறியிருக்கும். குழல் முனையில் மெல்லிய தகடு ஒன்று நிற்கும். பள்ளத்தின் வழியே தகட்டைப் பார்த்துச் சுட வேண்டும், அவ்வளவுதான். உறையிலிருந்து உருவும்போது எதிலும் மாட்டக் கூடாது, கீழே விழுந்தால் வளையக் கூடாது என்பது செய்தவர்களின் கவலை. நியாயமான கவலைதான். சுடுகிறவனின் கண் என்ன பாடு படும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதை யோசித்தவர் ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார். என் அப்பா, தென்மாவட்டம் ஒன்றின் ஆயுதப்படையில் ஆர்மரர். பதவியில் ஏட்டு. ஸ்டேஷன்களிலிருந்து வரும் துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, கோளாறு இருந்தால் சரிசெய்து அனுப்புவது அவர் வேலை. 1970களில் கான்ஸ்டபிள்களுக்கு .303 ரைஃபிளும் .410 மஸ்கட்டும். சப்-இன்ஸ்பெக்டரிலிருந்து மேலே உள்ளவர்களுக்கு .38 ரிவால்வர். வெப்லியும் இருக்கும், என்ஃபீல்டு நம்பர் 2-வும் இருக்கும். நம்பர் 2 என்பது 1932-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மாடல். வெள்ளைக்காரன் போன பிறகும் இந்தியாவில் வெகுகாலம் உழைத்தது. இரண்டுமே நடுவில் மடங்கித் திறக்கிற வகை. கட்டைவிரலால் கொக்கியைத் தள்ளினால் குழல் கீழே சாயும், காலிக் கேஸ்கள் ஆறும் ஒன்றாக மேலே எழும்பும்.

அந்தக் கொக்கியில்தான் சிக்கலே இருந்தது. இந்த வகை ரிவால்வர்களில் பின் குறியின் பள்ளத்தை அந்தக் கொக்கியின் தலையிலேயே வெட்டியிருப்பார்கள். வருஷக்கணக்கில் திறந்து மூடித் திறந்து மூடி, கொக்கி தேய்ந்து ஆட ஆரம்பித்தால் பின் குறியும் கூடவே ஆடும். ஒவ்வொரு முறை மூடும்போதும் அது ஒரு நூல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய் உட்காரும். சுடுகிறவர் தன் கையைச் சந்தேகப்படுவார், தோட்டாவைச் சந்தேகப்படுவார், பயிற்சி கொடுத்தவரைத் திட்டுவார். அப்பா துப்பாக்கியை வாங்கியதும் முதலில் செய்வது, காலியா என்று பார்த்துவிட்டு, மூடி, கொக்கியின் தலையை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்ப்பது. ஆட்டம் இருந்தால் குறியைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். கொக்கியைத்தான் முதலில் சரிசெய்வார்.

ஒரு நூல் ஆட்டத்துக்கு இவ்வளவு அமர்க்களமா என்று கேட்கலாம். கணக்கு போட்டால் புரியும். ஐந்து அங்குலக் குழலுள்ள ரிவால்வரில் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே ஏறத்தாழ 18 செ.மீ. இருக்கும். இலக்கை 18 மீட்டரில் வைத்தால், அது இந்த இடைவெளியைப் போல நூறு மடங்கு. அப்படியென்றால் முன் குறி பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினால், குண்டு இலக்கில் 10 செ.மீ. விலகும். மயிரிழை அகலம் விலகினாலே ஒரு சென்டிமீட்டர் போய்விடும். ரைஃபிளில் இரண்டு குறிகளுக்கும் நடுவே நீளம் அதிகம் என்பதால் பிழை இவ்வளவு பெருகாது. ரிவால்வர் மன்னிக்காது. அதே சமயம் கை முழுவதுமாக ஒரு சென்டிமீட்டர் அசைந்து, இரண்டு குறிகளும் நேர்கோட்டில் அப்படியே இருந்தால், குண்டும் ஒரு சென்டிமீட்டர்தான் விலகும். ஆகவே கை நடுக்கத்தைவிடக் குறி விலகல் பல மடங்கு கெடுதல். இதைப் பயிற்சி மைதானத்தில் யாரும் சொல்லித் தந்து நான் கேட்டதில்லை. “கையை ஆட்டாதே, மூச்சைப் பிடி” என்றுதான் கத்துவார்கள். தகட்டின் இரண்டு பக்கமும் வெளிச்சம் சமமாகத் தெரிகிறதா என்று கேட்டது அப்பா ஒருவர்தான்.

ஆர்மரிக்குள் எங்களை விட மாட்டார்கள். வருஷாந்திர ஃபயரிங் ஊருக்கு வெளியே பொத்தை அடிவாரத்தில் நடக்கும்போது, தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நான் போய்விடுவேன். உடைமர நிழலில் சாக்கை விரித்து அப்பா உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அதில் ஸ்க்ரூடிரைவர்கள், ஊசி அரங்கள், துணி, எண்ணெய்க் குப்பி, ஒரு ஓட்டுச்சில்லு, கற்பூர டப்பா. கற்பூரம் எதற்கு என்று எனக்கு முதலில் தெரியாது. சாமி கும்பிடத்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். முகமெல்லாம் வேர்வை.

“ஏட்டையா, இது பேய் பிடிச்ச சாமான். காலையில சுட்டா எல்லாம் இடது பக்கம் போவுது. சாயங்காலம் சுட்டா வலது பக்கம் போவுது. ஒண்ணு நீங்க பாருங்க, இல்லன்னா வேற மாத்திக் குடுங்க.”

அப்பா ரிவால்வரை வாங்கித் திறந்து பார்த்தார், மூடினார், கொக்கியை அசைத்தார். ஆட்டமில்லை. குழல் முனைத் தகட்டை வெயிலில் சாய்த்து சாய்த்துப் பார்த்தார்.

“பேயெல்லாம் இல்லீங்கய்யா. வெயிலு.”

தகட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. தோல் உறையில் வருஷக்கணக்காக உரசி உரசி அதன் கறுப்பு முழுவதும் போயிருந்தது. விளிம்புகள் மழுங்கி உருண்டு, வெள்ளிக்காசு மாதிரி பளபளத்தது. அந்த மைதானத்தில் இலக்கு வடக்கே. காலையில் வெயில் வலது பக்கத்திலிருந்து விழும். தகட்டின் வலது விளிம்பு மட்டும் மின்னும், இடது பாதி நிழலில் மறைந்துவிடும். கண் அந்த மின்னலைத்தான் தகடு என்று எடுத்துக்கொண்டு அதைப் பள்ளத்தின் நடுவில் கொண்டுபோய் வைக்கும். உண்மையில் தகடு இடது பக்கம் தள்ளிப்போய் நிற்கும். குண்டும் இடது பக்கம் போகும். சாயங்காலம் எல்லாம் தலைகீழ். வெளிச்சம் வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் குண்டு ஓடும் என்பது பழைய துப்பாக்கிக்காரர்கள் எல்லா நாட்டிலும் அனுபவத்தில் கண்ட விஷயம்.

அப்பா ஓட்டுச்சில்லில் ஒரு கற்பூரத் துண்டை வைத்துக் கொளுத்தினார். காலி ரிவால்வரைக் கவிழ்த்துப் பிடித்து, தீ படாமல், புகையின் நுனி மட்டும் தகட்டில் படும்படி மெல்லத் திருப்பினார். கற்பூரப் புகை கொழுத்த புகை. நான்கைந்து வினாடியில் தகடு இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வெல்வெட் துண்டு நின்றது. மினுக்கம் துளி இல்லை. பின் குறியின் முகத்துக்கும் அதே போல் காட்டினார். “விரல் படாமப் பாத்துக்கோங்க, பட்டா உதிர்ந்துடும்” என்று சொல்லிக் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் போய் ஆறு ரவுண்டு சுட்டார். டார்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆறும் கூட்டமாக நடுவில் உட்கார்ந்திருந்தன. துப்பாக்கியில் ஒரு துகள் இரும்பைக்கூட அப்பா எடுக்கவில்லை.

அப்பாவின் வேலையில் நான் மிகவும் மதிப்பது இந்த நிதானத்தைத்தான். கையில் அரம் இருக்கிறவனுக்கு ராவத் தோன்றும். அவர் கடைசியாகத்தான் அரத்தைத் தொடுவார். “கீழயே போவுது” என்று ஒருவர் வந்தால் உடனே முன் தகட்டைக் குறைத்துவிட மாட்டார். சிலிண்டரில் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு காலிக் கேஸை அவருக்குத் தெரியாமல் கலந்து போட்டுக் கொடுப்பார். ஹேமர் காலிக் கேஸில் விழும்போது வெடி இல்லை, அதிர்ச்சி இல்லை. அப்போது குழல் முனை அசையாமல் நின்றால் குறை துப்பாக்கியில். முனை ‘டக்’கென்று கீழே குத்தினால், வெடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே பயந்து கை அமுக்குகிறது என்று அர்த்தம். என்ஃபீல்டில் ட்ரிகர் இழுப்பது பெரிய கனம். 1938-இல் வந்த மாற்றத்தில் ஹேமரின் வாலையே வெட்டிவிட்டார்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது மாட்டக் கூடாது என்று. அதில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் ட்ரிகரை முழு நீளத்துக்கு இழுத்தே ஆக வேண்டும். அப்படி இழுக்கிற விரல் குழலையும் சேர்த்துக் கீழே இழுப்பதில் ஆச்சரியமில்லை. பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் கோளாறு கையில்தான் என்பார் அப்பா. அவர்களுக்கு அரம் கிடைக்காது, பயிற்சிதான்.

உண்மையிலேயே துப்பாக்கி கீழே சுட்டால், அதற்கும் காரணம் வைத்திருந்தார். இந்த .38 ரிவால்வரை முதலில் 200 கிரெய்ன், அதாவது சுமார் 13 கிராம் எடையுள்ள ஈயக் குண்டுக்காக வடிவமைத்தார்கள். பிறகு போர் விதிகளுக்கு ஒத்துப்போக வேண்டும் என்று 178 கிரெய்ன் எடையில் உலோக உறை போட்ட குண்டுக்கு மாறினார்கள். கனமான மெதுவான குண்டு குழலுக்குள் கொஞ்சம் அதிக நேரம் இருக்கும். அதற்குள் துப்பாக்கி உதைத்து முனை மேலே எழும்பிவிடும். ஆகவே கனமான குண்டு மேலே படும், இலகுவான குண்டு கீழே படும். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் ரிவால்வர் தூரத்தில் நடப்பது இதுதான். தோட்டா மாறினால் குறியும் மாற வேண்டும். கீழே படுகிற துப்பாக்கிக்கு முன் தகட்டின் உயரத்தைக் குறைக்க வேண்டும். தகடு தாழ்ந்தால் முனை உயரும், குண்டு மேலே ஏறும். மேலே படுகிற துப்பாக்கிக்கு அரத்தால் ஒன்றும் செய்ய முடியாது, உயரமான தகடுதான் வேண்டும். என்ஃபீல்டில் முன் தகடு தனித் துண்டு, திருகாணி போட்டுப் பிடித்திருக்கும். வேறு உயரத்துத் தகடு மாற்ற வழி உண்டு. ராவினால் போனது போனதுதான் என்கிற துப்பாக்கிகளுக்கு நடுவே இது பெரிய கருணை.

பக்கவாட்டுக்கு அவர் வைத்திருந்த சூத்திரம் சின்னது: பின் குறி எந்தப் பக்கம் நகர்கிறதோ குண்டும் அந்தப் பக்கம், முன் குறிக்கு எதிர்ப்பக்கம். இதைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்திருந்தாராம், புதிதாக வரும் உதவியாளர்கள் தப்பான பக்கத்தை ராவிவிடக் கூடாது என்று.

எனக்குப் பிடித்தது அவர் பின் பள்ளத்தை அகலப்படுத்துவது. பழைய பள்ளங்கள் குறுகல். முன் தகடு அதற்குள் போய் அடைத்துக்கொள்ளும், இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரியாது. வெளிச்சம் தெரியாவிட்டால் தகடு நடுவில் இருக்கிறதா என்று கண் எதை வைத்துச் சொல்லும்? ஊசி அரத்தால் இரண்டு சுவரையும் சமமாக, ஒரு தேய் இந்தப் பக்கம், ஒரு தேய் அந்தப் பக்கம் என்று எடுத்து, சதுரமான பள்ளமாக்கி, ஆகாயத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். தகட்டின் இருபுறமும் இரண்டு வெளிச்சக் கோடுகள். அவை சமமாக இருக்கின்றனவா என்பதை ஒப்பிடுவதில் மனிதக் கண் அபாரத் திறமைசாலி. முன் தகட்டின் பின்முகத்தில், அதாவது சுடுகிறவரைப் பார்க்கும் முகத்தில், குறுக்கே மெல்லிய கோடுகளையும் வெட்டுவார். கரி உதிர்ந்துபோகும், கோடு உதிராது. அந்தக் கோடுகளில் வெளிச்சம் சிதறி மினுக்கம் அடங்கிவிடும். இரவு ரோந்து போகிறவர்களுக்கு மட்டும் தகட்டின் முகத்தில் வெள்ளை எனாமல் பெயிண்ட், ஈர்க்குச்சி நுனியால் ஒரு புள்ளி.

இதையெல்லாம் அப்பாவே கண்டுபிடித்தார் என்று சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். பிற்பாடு புத்தகங்களைத் தேடிப் படித்தபோதுதான் கடலுக்கு அப்பால் அவருக்கு உறவுக்காரர்கள் நிறையப் பேர் இருந்தது தெரிந்தது. உருண்டை முனையும் குறுகிய பள்ளமும் கண்ணை ஏமாற்றுகின்றன என்று 1890களிலேயே அமெரிக்காவில் பாட்ரிட்ஜ் என்பவர் தட்டை முகமுள்ள சதுரத் தகட்டையும் சதுரப் பள்ளத்தையும் கொண்டுவந்தார். இன்றுவரை போட்டித் துப்பாக்கிகளில் அவர் பெயரில்தான் அந்தக் குறி நிற்கிறது. மொண்டானாவில் எட் மெக்கிவர்ன் என்ற வேகச் சூரர், 1932-இல் அரை வினாடிக்குள் ஐந்து குண்டுகளைச் சுட்டுக் காட்டியவர், முன் குறியில் தங்கநிற மணி வைத்துக்கொண்டார். சான்ஃபிரான்சிஸ்கோவில் கிங் கம்பெனி முன் குறிக்கு எதிரே சின்னக் கண்ணாடி பதித்து, மேலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பிச் சிவப்பு மணியின் மேல் விழச் செய்தது. எல்லாம் ஒரே தேடல்தான். கையில் நீட்டிப் பிடித்த ஒரு துளி இரும்பைக் கண்ணுக்கு எப்படித் தெரியவைப்பது? ஒருவருக்குத் தங்கம் கிடைத்தது, ஒருவருக்குக் கண்ணாடி கிடைத்தது, அப்பாவுக்குக் கற்பூரம் கிடைத்தது.

நான் போலீஸ் வேலைக்குப் போகவில்லை. கண் பரிசோதனை படித்து மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தேன். அப்பா தகட்டைத் திருத்தினார், நான் அதைப் பார்க்கிற கண்ணைத் திருத்துகிறேன். இந்த இரண்டு வேலைக்கும் நடுவே காலம் எவ்வளவு விசித்திரமாகத் திரும்பியிருக்கிறது என்பதைக் கடையில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன்.

அன்று சுட்டவர்கள் இளைஞர்கள். கழுகுக் கண். அவர்கள் கையில் இருந்ததோ கண்ணுக்கே தெரியாத குறி. இன்று கடைக்கு வருகிற துப்பாக்கிக்காரர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், ரைஃபிள் கிளப் உறுப்பினர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள். குறிகளோ இன்று பச்சையும் சிவப்புமாக ஒளிர்கின்றன. வெளிச்சத்தை உறிஞ்சி முனையில் உமிழும் ஃபைபர் இழை, இருட்டில் தானே மின்னும் டிரிட்டியம் குப்பி, பேட்டரியில் எரியும் ரெட் டாட். அன்று ஒற்றைக் கையை நீட்டி, ஒரு கண்ணை இறுக்கி மூடிச் சுட்டார்கள். இன்று இரண்டு கையாலும் பிடி, இரண்டு கண்ணையும் திற என்கிறார்கள். தெரிய வேண்டிய காலத்தில் தெரியாத குறியைக் கொடுத்துவிட்டு, கண் மங்கிய காலத்தில் பந்தம் கொளுத்திக் காட்டுகிறது உலகம்.

ஒளிரும் குறிகளை நான் குறை சொல்லவில்லை. ரெட் டாட் வயதான கண்ணுக்கு வரப்பிரசாதம். இலக்கும் புள்ளியும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் தெரிவதால் கண் எதற்கும் சிரமப்பட வேண்டாம். ஆனால் வாங்கிய கையோடு சிலர் என்னிடம் வந்து, “சார், புள்ளி புள்ளியாத் தெரியல, நட்சத்திரம் மாதிரி சிதறுது, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்” என்பார்கள். பெரும்பாலும் கம்பெனி ஏமாற்றியிருக்காது. அவர்களுக்கு அஸ்டிக்மாடிசம் இருக்கும், கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இருக்காது. ஒரு கறுப்பு அட்டையில் குண்டூசியால் ஓட்டை போட்டு, அதன் வழியே பார்க்கச் சொல்வேன். சிதறல் சுருங்கி வட்டப் புள்ளியானால் கோளாறு கண்ணில்தான். சிலிண்டர் பவர் போட்டுக் கண்ணாடி கொடுத்தால் சரியாகிவிடும். டிரிட்டியத்துக்கும் ஆயுசு உண்டு. 12 வருஷத்துக்குக் கொஞ்சம் மேலானால் பாதி வெளிச்சம் போய்விடும். அப்பா வைத்த ஒரு புள்ளி எனாமலை வருஷா வருஷம் புதுப்பிக்கலாம்.

பழைய ரிவால்வரோடு வருகிறவர்களிடம்தான் எனக்கு நிறையப் பேச இருக்கிறது. கண்ணுக்கு எதிரே மூன்று பொருட்கள்: பின் குறி, முன் குறி, இலக்கு. கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். இளம் வயதில் லென்ஸ் சட்டென்று மாறி மாறிப் பார்த்துச் சமாளிக்கும். நாற்பதுக்கு மேல் அந்த நெகிழ்ச்சி போகிறது. எதைத் தெளிவாகப் பார்ப்பது? எல்லாரும் இலக்கு என்பார்கள். இல்லை, முன் குறி. மேலே சொன்ன கணக்கு அதைத்தான் சொல்கிறது. இலக்கு மங்கலாகத் தெரிந்தால் சின்ன நஷ்டம், முன் குறி மங்கினால் நூறு மடங்கு நஷ்டம். முன் குறி இருப்பது கண்ணிலிருந்து சுமார் 70 செ.மீ. தூரத்தில். பேப்பர் படிக்கிற கண்ணாடி 40 செ.மீ.க்குப் போட்டது, அதைப் போட்டால் குறி பஞ்சாகத் தெரியும். தூரப்பார்வைக் கண்ணாடிக்கு அது எட்டாது. பைஃபோகல் போட்டவர் தலையை அண்ணாந்து கீழ்வட்டத்தில் தேடுவார். கழுத்து வலிக்கும், குறியும் கிடைக்காது. படிக்கிற பவரில் பாதியோ அதற்குச் சற்றுக் குறைவோ கூட்டி, சுடுகிற கண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு லென்ஸ் போட்டால் போதும். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். முதல் தடவை அதைப் போட்டுப் பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

போன வருஷம் ஓய்வு பெற்ற அரசு அதிகாரி ஒருவர் வந்தார். லைசென்ஸ் ரிவால்வர் வைத்திருப்பவர். கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32. வெப்லியின் வடிவத்தையே பின்பற்றியது, அதே மாதிரி நடுவில் மடங்குகிற வகை. “அண்ணே, குறியே தெரியல. யாராவது வேலை தெரிஞ்சவங்ககிட்டக் குடுத்துப் பள்ளத்தை ராவி, முன்னால பித்தளைத் தகடு வச்சுப் பத்த வைக்கலாமான்னு பாக்கேன்” என்றார். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உருமாற்றவும் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவர்கள்தான் கை வைக்கலாம். அப்பா செய்தது துறையின் அதிகாரத்தோடு செய்த வேலை. சொந்தத் துப்பாக்கியே ஆனாலும் பட்டறையில் கொடுத்து ராவுவது வம்பை விலைக்கு வாங்குவது. அதோடு பற்றவைக்கிற சூடு குழலின் எஃகைக் கெடுத்துவிடும்.

இன்னொரு காரணத்தையும் அவரிடம் சொன்னேன். 1980களின் நடுவிலிருந்து தனியாருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பெரும்பாலும் அடைபட்ட பிறகு, நாட்டுக்குள் இருக்கும் பழைய வெப்லிகளுக்கு எக்கச்சக்க விலை. அவற்றை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் பார்ப்பது, குறியில் அரம் பட்டிருக்கிறதா என்று. பட்டிருந்தால் விலை இறங்கிவிடும். அன்று அரம் படாத துப்பாக்கியை அப்பா ‘கவனிப்பாரில்லாத சாமான்’ என்பார். எவரும் அக்கறையாகச் சுட்டுப் பார்த்துத் திருத்தவில்லை என்று அதற்கு அர்த்தம். இன்று அந்த அக்கறையின் தடம்தான் பழுது. எனக்கு இதில் சம்மதமில்லை. உயிருக்கு ஆபத்தான வேலையில் ஒருவர் நம்பிப் பிடித்த கருவி, அவர் கண்ணுக்கு ஏற்றபடி திருத்தியிருந்தால் அதன் மதிப்பு கூட வேண்டும். ஆனால் சந்தையிடம் நான் வழக்காட முடியாது. அதனால் திரும்ப அழிக்கக்கூடிய வழியையே எல்லாருக்கும் சொல்கிறேன்.

அவருக்கும் அதுவே. முதலில் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். பிறகு வீட்டில் மகளிடம் வெள்ளை நெயில் பாலிஷும் ஆரஞ்சு நெயில் பாலிஷும் கேட்டு வாங்கச் சொன்னேன். துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, தகட்டின் பின்முகத்தை ஸ்பிரிட்டால் எண்ணெய் போகத் துடைக்க வேண்டும். அதன்மேல் வெள்ளை ஒரு பூச்சு. நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் ஆரஞ்சு. வெள்ளை அடிக்காமல் நேராக இரும்பின் மேல் அடித்தால் நிறம் செத்துப்போகும். முகம் முழுவதும் அடிக்கக் கூடாது, மேல் விளிம்பு வரை சீராக, விளிம்பைத் தாண்டி வழியாமல் அடிக்க வேண்டும். விளிம்பு உருண்டால் உயரம் ஏமாற்றும். பின் பள்ளத்தைச் சுற்றி மட்டும் கறுப்பு மார்க்கர். பிடிக்காவிட்டால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒரு துடைப்பு, எல்லாம் பழையபடி.

அவர் செய்துபார்த்துவிட்டு கிளப்பிலிருந்தே போன் பண்ணினார். குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்க அப்பா இல்லையே என்று இருந்தது.

அடுத்து தேர்தல் வந்தது. லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இவரும் போனார். வாங்கி வைத்த இளம் போலீஸ்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்ன சார் ஆரஞ்சு?” என்று கேட்டு, ரிஜிஸ்டரில் நம்பர், பாடி, பிடி எல்லாவற்றுக்கும் கீழே ‘முன் குறியில் ஆரஞ்சு நிறப் பூச்சு உள்ளது’ என்று ஒரு வரி சேர்த்தாராம். அப்பா ராவிய தகடுகளையும் வெட்டிய கோடுகளையும் எந்த ரிஜிஸ்டரிலும் யாரும் எழுதியதில்லை. அந்த ரிவால்வர்கள் கழிக்கப்பட்டு, 9 மி.மீ. பிஸ்டல்கள் வந்து, பழையவை போன இடம் தெரியாமல் போய்விட்டன. ஒரு துளி நெயில் பாலிஷ் அரசுப் பதிவேட்டில் இடம்பிடித்துவிட்டது.

துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்தவர், இன்னொரு சேதியும் கொண்டுவந்திருந்தார். வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம், ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது. கண்ணுக்குள் லென்ஸ் வைத்த பிறகு கண்ணாடி மாற்ற வேண்டுமா என்று கேட்டார். கண்ணாடி மட்டுமில்லை, எல்லாமே மாறும் என்றேன். சாதாரண லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் தெளிவு கொடுக்கும். வழக்கமாக டாக்டர்கள் தூரப்பார்வைக்கு வைத்துவிடுவார்கள்; ரோட்டில் நடக்கவும் வண்டி ஓட்டவும் அதுதான் நல்லது. முன் குறி இருக்கும் தூரத்துக்கு வைக்க முடியுமா என்றும் கேட்கலாம்; தூரத்துக்கே வைத்தாலும் சுடும்போது மட்டும் மெல்லிய பவர் போட்டுக்கொண்டு சமாளிக்கலாம். அவருடைய வேலைக்கும் விருப்பத்துக்கும் எது தோது என்பதை ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும், பின்னால் பேசிப் பயனில்லை. அவர் மறந்துவிடக் கூடாது என்று கடை விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: வலது கண், 70 செ.மீ., முன் குறி. டாக்டர் பார்த்தால் என்ன என்று கேட்பார். கேட்கட்டும், அப்போதாவது பேச்சு தொடங்கும் அல்லவா?